முகம் சொல்வதும் முகத்தில் நாம் படிப்பதும்

டென்னிஸ் ஆட்டக்காரர் ஒருவரின் புகைப்படம். கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாதபடி வெட்டப்பட்டிருக்கிறது. கண்கள் இறுக மூடியிருக்கின்றன. வாய் பிளந்து பல்வரிசை தெரிகிறது. மூக்கின் இரு பக்கமும் தோல் மடிந்து ஆழக் கோடு விழுந்திருக்கிறது. இவர் அந்தப் புள்ளியை வென்றாரா, இழந்தாரா?

ஹில்லெல் அவியேசர், யாகோவ் டிரோப், அலெக்சாண்டர் டோடோரோவ் ஆகிய மூவர் இப்படிப்பட்ட படங்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2012இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வென்றவரையும் தோற்றவரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு முகங்களுமே வேதனை முகங்களாகத்தான் அவர்களுக்குத் தெரிந்தன. முகத்தை அழித்துவிட்டு உடலை மட்டும் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். அடுத்து ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். தோற்றவரின் தலையை வென்றவரின் உடலில் பொருத்தினார்கள். அந்த முகம் இப்போது வெற்றி முகமாகிவிட்டது!

இதைவிட வியப்பான விஷயம் ஒன்று உண்டு. முழுப்படத்தைப் பார்த்துச் சரியாகப் பதில் சொன்னவர்களிடம் எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், பலரும் முகத்தைத்தான் சொன்னார்கள். கைமுட்டியும் தோளும் கொடுத்த சேதியை வாங்கி முகத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். தாங்கள் அப்படிச் செய்தது அவர்களுக்கே தெரியாது.

முகக்குறிகளுக்கு அர்த்தம் சொல்லும் புத்தகங்கள் ரயில் நிலையக் கடைகளில் இன்றும் நன்றாக விற்கின்றன. உதட்டைக் கடித்தால் பதற்றம், புருவம் உயர்ந்தால் ஐயம், மூக்கைத் தொட்டால் பொய் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியல்களை முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் முகத்தை நூற்றைம்பது ஆண்டுகளாக ஆராய்ந்தவர்களின் கதையைப் பார்த்தால், அவர்கள் திரும்பத் திரும்ப இடறியது ஒரே இடத்தில்தான்: முகத்தில் இருப்பது எவ்வளவு, பார்ப்பவர் சேர்ப்பது எவ்வளவு?

கதை பாரிஸில் தொடங்குகிறது. நரம்பியல் மருத்துவர் துஷேன் த புலோன், சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஒரு முதியவரைக் கண்டார். செருப்புத் தைக்கும் தொழிலாளி, பல் விழுந்தவர், ஒல்லியான முகம். முகத்தோலில் உணர்ச்சி மிகக் குறைவு என்பதால் மின்முனையை வைத்தாலும் அவருக்கு வலிக்காது. துஷேன் தசை தசையாக மின்சாரம் பாய்ச்சி, அவர் முகத்தில் அச்சத்தையும் சிரிப்பையும் வரவழைத்துப் புகைப்படம் எடுத்தார். 1862இல் அது நூலாக வந்தது. கன்னத்தின் பெரிய தசையைத் தூண்டினால் வாயோரம் மேலேறுகிறது, ஆனாலும் அந்தச் சிரிப்பு பொய்யாகத் தோன்றுகிறது என்று அவர் கவனித்தார். கண்ணைச் சுற்றியுள்ள வளையத்தசையும் சேர்ந்து சுருங்கினால்தான் முகம் மலர்கிறது. அந்தத் தசை மனத்தின் உண்மையான மகிழ்ச்சிக்கு மட்டுமே கட்டுப்படும் என்பது அவருடைய முடிவு. கண்ணோரம் சுருங்கும் சிரிப்பை இன்றும் 'துஷேன் சிரிப்பு' என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அந்த முடிவில் பாதிதான் நின்றது. கேட்டவுடன் கண்ணோரத்தைச் சுருக்கிச் சிரித்துக் காட்டப் பலராலும் முடிகிறது என்பதைப் பின்னால் வந்த சோதனைகள் காட்டிவிட்டன. வாயை அகலத் திறந்து பெரிதாகச் சிரித்தாலே கன்னம் மேலேறிக் கண்ணோரம் சுருங்கிவிடும். ஆக, கண்ணோரச் சுருக்கத்தை வைத்து எதிரே நிற்பவரின் சிரிப்பை எடைபோடுவது நம்பகமான முறை அல்ல.

துஷேனின் படங்கள் சார்லஸ் டார்வினின் கைக்குப் போயின. டார்வின் செய்த காரியம் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கூர்மையானது. தன் வீட்டுக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் படங்களைக் காட்டி, எந்த விளக்கமும் கொடுக்காமல், இந்த முகத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டார். சில படங்களுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வேறு சிலவற்றுக்கு ஆளுக்கொரு பதில் வந்தது. 1872இல் வெளிவந்த நூலில் அவர் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுதினார். துஷேனின் விளக்கத்தைப் படித்துக்கொண்டே பார்த்தபோது எல்லாப் படங்களும் அச்சு அசலாகத் தோன்றின. விளக்கம் இல்லாமல் பார்த்திருந்தால் மற்றவர்களைப் போலத் தானும் குழம்பியிருக்கக்கூடும் என்பதே அது. டென்னிஸ் ஆய்வு சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பு நம் கண்ணுக்குள் புகுந்துவிடுகிறது.

டார்வின் இன்னொன்றும் செய்தார். 1867 வாக்கில் பதினாறு கேள்விகளை அச்சிட்டு, உலகின் பல மூலைகளிலும் இருந்த மிஷனரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பினார். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூடப் பதில்கள் வந்தன. ஆமோதிக்கும்போது தலை மேலும் கீழும் அசைகிறதா, மறுக்கும்போது பக்கவாட்டில் அசைகிறதா என்பது கேள்விகளில் ஒன்று. பல்கேரியாவில் இந்தக் கணக்கு ஏறக்குறைய தலைகீழ். நம்மூரில் தலையை இரு தோள் பக்கமும் மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் 'சரி', 'புரிகிறது', 'பார்க்கலாம்' மூன்றும் அதில் அடங்கும். முதல் தடவை சென்னைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் அது சம்மதமா மறுப்பா என்று விழிப்பது இயற்கை.

முகத்தின் அமைப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கை கால் தசைகள் எலும்பிலிருந்து எலும்புக்குப் போகின்றன. முகத்தசைகளில் பெரும்பாலானவற்றின் ஒரு முனை எலும்பிலும் மறுமுனை தோலிலும் ஒட்டியிருக்கிறது. அதனால் தசை சுருங்கினால் தோலே நகர்ந்து மடிப்பு விழுகிறது. இவற்றை இயக்குவது ஏழாவது மூளை நரம்பு. காதுக்குக் கீழே கபாலத்தை விட்டு வெளியே வந்து, நெற்றிக்கும் கண்ணுக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் கழுத்துக்குமாக ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. ஆனால் அந்த நரம்புக்குக் கட்டளை இரண்டு வழிகளில் வருகிறது. பக்கவாதம் வந்த சிலரிடம் பல்லைக் காட்டுங்கள் என்று மருத்துவர் சொன்னால் வாயின் ஒரு பக்கம்தான் அசையும். அதே நோயாளி பேரனின் சேட்டையைப் பார்த்துச் சிரிக்கும்போது இரு பக்கமும் ஒழுங்காக விரியும். இதற்கு நேர்மாறான நோயாளிகளும் உண்டு. சொன்னால் சிரிப்பார்கள், சிரிப்பு வந்தால் முகம் கோணும். வேண்டுமென்று அசைக்கும் முகத்துக்கு மூளையின் புறணி பொறுப்பு. தானாக அசையும் முகத்துக்கு ஆழத்தில் உள்ள வேறு பகுதிகள் பொறுப்பு. போட்டோ எடுப்பவர் 'சிரிங்க' என்றதும் நம் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுவதற்கு இந்த இரட்டை வழியும் ஒரு காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மானிடவியலாளர்கள் பலர், முகபாவம் என்பது மொழியைப் போல ஊருக்கு ஊர் கற்றுக்கொள்வது என்றே கருதினார்கள். அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் இதைச் சோதித்துப் பார்க்கப் புறப்பட்டார். சினிமாவும் பத்திரிகையும் எட்டாத மனிதர்கள் தேவைப்பட்டார்கள். 1960களின் பிற்பகுதியில் பாப்புவா நியூகினி மலைகளில் வாழும் தென் ஃபோரே மக்களிடம் போனார். எழுத்தறியாதவர்களிடம் சொற்பட்டியலைக் கொடுக்க முடியாது. எனவே ஒரு சின்னக் கதையைச் சொல்லிப் படங்களைக் காட்டி, கதையில் வரும் ஆளின் முகம் எது என்று கேட்டார். நண்பர்கள் வந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி. குழந்தை இறந்துவிட்டது, துயரம். வீட்டில் ஒருவன் தனியாக இருக்கிறான், கையில் ஆயுதம் இல்லை, வாசலில் காட்டுப்பன்றி வந்து நிற்கிறது, அச்சம். 189 பெரியவர்களும் 130 சிறுவர்களும் பங்கேற்ற இந்த ஆய்வை எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1971இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான பதில்கள் அமெரிக்கர்களின் பதில்களோடு ஒத்துப்போயின. அச்சத்தையும் வியப்பையும் மட்டும் ஃபோரே பெரியவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு. உலகப் பொதுவான ஆறு உணர்ச்சி முகங்கள் என்று இவை பாடநூல்களில் ஏறிவிட்டன.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் பழகியதாகத் தோன்றும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எக்மனின் ஆறும் ஏதோ ஒரு வகையில் இதற்குள் வந்துவிடுகின்றன. ஆனால் இரண்டு பட்டியல்களுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தொல்காப்பியர் ஒவ்வொரு மெய்ப்பாட்டோடும் அது பிறக்கும் நான்கு களங்களையும் சேர்த்தே சொல்கிறார். அச்சம் என்றால் தெய்வத்திடம், விலங்கிடம், கள்வரிடம், அரசனிடம். உடலில் தோன்றும் குறியையும் அது தோன்றிய சூழலையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்லும் முறை இது. எக்மனும் காட்டுப்பன்றிக் கதையைச் சொல்லித்தான் அச்ச முகத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். பன்றியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை மரியா ஜென்ட்ரனும் லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் அவர்களுடைய சகாக்களும் நமீபியாவின் வடமேற்கே வாழும் ஹிம்பா மக்களிடம் கேட்டார்கள். அவர்கள் கதை சொல்லவில்லை, உணர்ச்சிகளின் பெயரையும் சொல்லவில்லை. ஆறு வகை முகபாவங்களைக் காட்டும் 36 முகப்படங்களைக் கொடுத்து, ஒன்றுபோல் உணர்பவர்களை ஒரே குவியலில் வையுங்கள் என்றார்கள். ஆறு குவியல்கள் வரவில்லை. சிரிக்கும் முகங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. விரிந்த கண்கள் கொண்ட முகங்களும் பெரும்பாலும் சேர்ந்தன. மீதி எல்லாம் கலந்து கிடந்தன. குவியலுக்குப் பெயர் வைக்கச் சொன்னபோதும் மகிழ்ச்சி, அச்சம் என்று சொல்லாமல் 'சிரிக்கிறார்', 'பார்க்கிறார்' என்று செயலைச் சொன்னவர்கள் பலர். இந்த ஆய்வு 2014இல் வெளியானது.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு அடி விழுந்தது. அதுவும் ஃபோரே மக்களின் அதே பாப்புவா நியூகினியிலிருந்து. அதன் கிழக்கே கடலில் இருக்கும் டிரோபிரியாண்ட் தீவுகளில் கார்லோஸ் கிரிவெல்லியும் சகாக்களும் படங்களைக் காட்டினார்கள். கண் விரிந்து வாய் பிளந்த முகத்தை நாம் பயந்த முகம் என்போம். ஸ்பெயின் நாட்டு இளையோரும் அப்படித்தான் சொன்னார்கள். தீவுவாசிகளுக்கோ அது மிரட்டும் முகம், கோபக்காரனின் முகம்.

அப்படியானால் எக்மன் சொன்னது தவறா? அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதிர்ப்பக்கத்திலும் வலுவான சான்று இருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளில் எடுத்த படங்களை டேவிட் மட்சுமோட்டோவும் பாப் வில்லிங்ஹாமும் ஒப்பிட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத வீரர்களும் பார்வையுள்ள வீரர்களும் வெற்றி தோல்வியின்போது அசைத்த தசைகள் ஒன்றுபோலவே இருந்தன. பிறந்ததிலிருந்து ஒரு முகத்தையும் பார்க்காதவர் யாரைப் பார்த்துக் கற்றிருக்க முடியும்? இறுதிப் போட்டியில் தோற்று வெள்ளி வாங்கிய பார்வையற்றவர்கள்கூட, மேடையில் நிற்கும்போது வாயோரம் மட்டும் அசையும் அந்த நாகரிகச் சிரிப்பைச் சிரித்தார்கள். முகத்தின் அசைவுகள் பிறவியிலேயே வருகின்றன என்பதற்கு இது நல்ல ஆதாரம். எந்த அசைவுக்கு எந்த அர்த்தம் என்ற அட்டவணையும் சேர்ந்தே பிறக்கிறது என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் பாதிச் சண்டை.

எக்மனும் ஃப்ரீசனும் செய்த பணிகளில் யாராலும் அசைக்க முடியாத ஒன்று, 1978இல் வெளிவந்த முகச்செயல் குறியீட்டு முறை. முகத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண். உட்புருவம் உயர்ந்தால் 1, வெளிப்புருவம் உயர்ந்தால் 2, புருவம் இறங்கி நெரிந்தால் 4, கன்னம் உயர்ந்தால் 6, வாயோரம் மேலே இழுபட்டால் 12. துஷேன் சிரிப்பு என்பது 6உம் 12உம் சேர்ந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு நிமிடப் படத்தைக் குறித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். எது அசைந்தது என்பதை மட்டும் குறிப்பதுதான் இந்த முறையின் அழகு. ஏன் அசைந்தது என்பதை அது சொல்வதில்லை.

புருவ நெரிப்பையே எடுத்துக்கொள்ளலாம். கோபம் என்றதும் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் டார்வினே அதைக் கோபத்தின் சொத்தாகக் கருதவில்லை. யோசனையின் ஓட்டத்தில் ஏதாவது தடை வரும்போது புருவம் நெரிகிறது என்றார். ஊசியில் நூல் கோக்கும்போது நெரிகிறது. உச்சி வெயிலில் நடந்தால் நெரிகிறது. கரும்பலகை சரியாகத் தெரியாத மாணவன் நெரிக்கிறான், ஆசிரியர் அதை முறைப்பு என்று எடுத்துக்கொள்கிறார், பிறகு கண்ணாடி போட்டதும் 'பையன் திருந்திவிட்டான்' என்கிறார்! லிசா பேரட்டும் வேறு நான்கு அறிவியலாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து 2019இல் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார்கள். கோபப்படும் நேரங்களில் மனிதர்கள் புருவத்தை நெரித்து முறைப்பது சராசரியாக 30 விழுக்காடு அளவுக்குத்தான். மீதி நேரங்களில் கோபம் வேறு முகம் காட்டுகிறது: அழுகிறது, சிரிக்கிறது, ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் பெரிய சண்டைக்கு முன்னால் வரும் அந்த அமைதியான முகம் தெரியாதவர்கள் யார்?

சிரிப்பின் கதையும் இதேபோலத்தான். ராபர்ட் கிராட், ராபர்ட் ஜான்ஸ்டன் இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் சுவையானது. பௌலிங் ஆடுமிடத்தில் போய் ஒளிந்திருந்து பார்த்தார்கள். ஒருவர் பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளையும் சாய்த்துவிட்டார். மகிழ்ச்சிதான் சிரிப்பைக் கொண்டுவருகிறது என்றால் அந்தக் கணத்திலேயே சிரித்திருக்க வேண்டும். ஆனால் கட்டைகளைப் பார்த்து நிற்கும்போது ஆட்டக்காரர்கள் அநேகமாகச் சிரிக்கவில்லை. திரும்பி நண்பர்களைப் பார்த்த பிறகே சிரித்தார்கள். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற 22 பேரின் காணொளிகளை ஆராய்ந்த ஸ்பானிய உளவியலாளர்களும் இதையே கண்டார்கள். மேடைக்குப் பின்னால் காத்திருந்தபோதும் நாட்டுப்பண் ஒலித்தபோதும் முகத்தில் சிரிப்பு அரிது. பதக்கம் வாங்கிக் கூட்டத்தைப் பார்த்தபோதுதான் அது மலர்ந்தது. மூன்று கட்டங்களிலும் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. எதிரே ஆள் இருந்தார்களா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். முகம் உள்ளத்தைக் காட்டும் கண்ணாடி என்பதைவிட, இன்னொருவருக்குப் போடும் கடிதம் என்பதுதான் பல நேரம் பொருந்துகிறது.

அப்படிக் கடிதமாகவே பிறந்த முகக்குறிகள் தமிழர்களிடம் ஏராளம். உதட்டைப் பிதுக்கினால் 'யாருக்குத் தெரியும்'. மோவாயை லேசாகத் தூக்கிப் புருவத்தை ஏற்றினால் 'என்ன விஷயம்'. தவறாக எதையோ உளறிவிட்டால் நாக்கை வெளியே நீட்டிக் கடித்துக்கொள்கிறோம். இந்தக் கடைசிக் குறி தென்னாட்டோடு நிற்பதல்ல. ஒடிசாவின் புவனேஸ்வரத்தில் உஷா மேனனும் ரிச்சர்ட் ஷ்வீடரும் 1990களில் ஆராய்ந்தபோது, சிவன்மேல் கால் வைத்துவிட்ட காளி நீட்டியிருக்கும் நாக்கை அங்கே பலரும் நாணத்தின் குறியாகவே விளக்கினார்கள். அந்த மரபு தெரியாத ஒருவர் அதே படத்தில் வெறும் ஆவேசத்தைத்தான் பார்ப்பார். இதன் மறுபக்கமும் உண்டு. நாட்டிய சாத்திர முறைப்படி நடித்துக் காட்டிய பத்து உணர்ச்சிகளைப் படமெடுத்து, அஹல்யா ஹெஜ்மாதியும் சகாக்களும் அமெரிக்கர்களிடமும் இந்தியர்களிடமும் காட்டினார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வில், நாட்டியமே அறியாத அமெரிக்கர்களும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே அடையாளம் கண்டார்கள். ஹெஜ்மாதி காட்டியவை அசையாத புகைப்படங்கள் அல்ல, தலையும் கையும் முகமும் சேர்ந்து இயங்கும் காட்சிகள். ஓடும் முகத்தை நிறுத்திப் படமாக்கும்போதே பாதி சேதி போய்விடுகிறது.

புருவத்தை நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் மட்டும் தூக்கி இறக்கும் வரவேற்புக் குறியை இரெனேயுஸ் ஐபிள்-ஐபஸ்ஃபெல்ட் பல கண்டங்களில் படம் பிடித்தார். கேமரா தங்களை நோக்கவில்லை என்று ஆட்கள் நினைக்கும்படி பக்கவாட்டில் பார்க்கும் லென்சைப் பயன்படுத்தினார். சமோவாவிலும் பாலியிலும் ஐரோப்பாவிலும் அந்தக் குறி இருக்கிறது. ஜப்பானில் பெரியவர்களுக்கிடையே அப்படிச் செய்வது நாகரிகம் அல்ல என்பதால் அடக்கிக்கொள்கிறார்கள். தசையும் பழக்கமும் சேர்ந்தே ஒரு முகக்குறியை உண்டாக்குகின்றன.

இனி, எல்லோரும் கேட்க விரும்பும் கேள்வி. பொய் சொல்பவரை முகத்தை வைத்துப் பிடிக்க முடியுமா?

கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய்யர் என்ற நம்பிக்கை 58 நாடுகளில் விசாரித்தபோதும் முதலிடத்தில் வந்தது. உண்மையில் பார்வையைத் தவிர்ப்பதற்கும் பொய்க்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை என்று வளர்ந்த ஒருவர் காவல் நிலையத்தில் தலைகுனிந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். சார்லஸ் பாண்டும் பெல்லா டிபௌலோவும் 2006இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்தார்கள். ஏறக்குறைய 24,000 பேர் சொன்ன தீர்ப்புகளில் சரியானவை 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். காவல்துறையினரும் நீதிபதிகளும் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நன்றாகச் செய்யவில்லை.

இதற்கு மாற்றாகத்தான் நுண்முகபாவம் என்ற கருத்து பிரபலமானது. மறைக்க நினைக்கும் உணர்ச்சி அரை நொடிக்கும் குறைவாக முகத்தில் மின்னி மறையும், பயிற்சி இருந்தால் பிடித்துவிடலாம் என்பது எக்மன் பரப்பிய கருத்து. அதை வைத்து 'லை டு மீ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரே வந்தது. ஸ்டீபன் போர்ட்டரும் லியன் டென் பிரிங்கும் 2008இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் உண்மையாகவோ நடித்தோ காட்டிய 697 முகபாவங்களை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படச்சட்டங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். முழுமுகத்திலும் தோன்றிய நுண்முகபாவம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முகத்தின் ஒரு பகுதியில் மட்டும் தோன்றியவை 2 விழுக்காடு. அவையும் நடித்தவர்களிடம் மட்டுமல்லாமல் உண்மையாக உணர்ந்தவர்களிடமும் இருந்தன. மின்னல் உண்டு, ஆனால் அது எதைக் காட்டிக்கொடுக்கிறது என்பது தெளிவில்லை.

இந்தத் தெளிவின்மைக்கு அமெரிக்கா பெரிய விலை கொடுத்தது. விமான நிலையங்களில் பயணிகளின் முகத்தையும் நடத்தையையும் கவனித்து ஆபத்தானவர்களைக் கண்டுபிடிக்க 2007இல் தொடங்கிய திட்டத்துக்குச் சுமார் 90 கோடி டாலர் செலவாகியிருந்தது. 2013இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம், இந்த முறை வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, நிதியைக் கட்டுப்படுத்துங்கள் என்று அறிக்கை கொடுத்தது. ஓட்டமும் நடையுமாக விமானத்தைப் பிடிக்கப் போகிறவரின் முகம் வேறு எப்படி இருக்கும்?

இதோடு சேர்த்துத் தூக்கிப் போட வேண்டிய இன்னொன்று, தகவலில் 7 விழுக்காடு சொல், 38 விழுக்காடு குரல், 55 விழுக்காடு முகம் என்று பயிற்சி வகுப்புகளில் ஓதப்படும் கணக்கு. ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து பிறந்தது அது. தனிச் சொற்களை விதவிதமான குரலிலும் முகபாவத்திலும் தந்து, பேசுபவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள். விருப்பு வெறுப்பு பற்றிய பேச்சுக்கு அப்பால் இதைக் கொண்டுபோகாதீர்கள் என்று மெஹ்ரேபியனே சொல்லிவிட்டார். கேட்பவர்தான் இல்லை.

மனிதர்களால் முடியாததை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். வேலைக்கு நேர்காணல் வருபவரின் முகத்தைக் கேமரா வழியே அலசிய அமெரிக்க நிறுவனமான ஹயர்வியூ, விமர்சனங்களுக்குப் பிறகு 2021 ஜனவரியில் அந்த அலசலைக் கைவிட்டதாக அறிவித்தது. அதே மாதம் லக்னோ காவல்துறை, துன்பத்தில் இருக்கும் பெண்களின் முகபாவத்தைக் கண்டறிந்து எச்சரிக்கும் கேமராக்களை நகரில் வைக்கப்போவதாகச் சொன்னது. பேருந்துக்காக வெயிலில் காத்திருக்கும் பெண்ணின் முகத்தில் அந்தக் கேமரா என்னவெல்லாம் படிக்கும் என்று உரிமை ஆர்வலர்கள் கவலைப்பட்டார்கள். முகத்தை வைத்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2022இல் விலக்கிக்கொண்டது. பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் இத்தகைய மென்பொருளை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் தவிர, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது.

முகத்தைப் படிப்பது பயனற்ற வித்தை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பழகிய ஒருவரின் முகத்தில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் சேதிதான். அவருடைய சாதாரண முகம் எது என்று தெரிந்திருப்பதால்தான் மாற்றம் கண்ணில் படுகிறது. எந்தக் கேள்விக்குப் பிறகு முகம் மாறியது, உடல் அதோடு ஒத்துப்போகிறதா, அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் அம்மாக்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமலே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் அந்தக் கணக்கு நம் கையில் இல்லை. பொய்யை ஆராயும் ஆல்டர்ட் விரை போன்றவர்கள் இப்போது முகத்தை உற்றுப் பார்ப்பதைவிட, எதிர்பாராத கேள்விகளைக் கேட்டுப் பதிலில் உள்ள விவரங்களைக் கவனிக்கச் சொல்கிறார்கள். முகக்குறி ஒரு கேள்வியைக் கிளப்பலாம். 'என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கே' என்று கேட்டுவிட்டால் பல நேரம் பதிலும் கிடைக்கும்.

கேட்க முடியாதவர்களிடம் என்ன செய்வது? முகம் படிக்கும் அறிவியல் சத்தமில்லாமல் வெற்றி பெற்ற இடம் அதுதான். பச்சிளம் குழந்தைக்கு வலிக்கிறதா என்று கேட்க முடியாது. ரூத் குருனாவும் கென்னத் கிரெய்கும் 1987இல், குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போது குழந்தைகளின் முகத்தில் எவை அசைகின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். புருவம் புடைக்கிறது, கண் இறுகுகிறது, மூக்கிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் கோடு ஆழமாகிறது, வாய் திறக்கிறது, நாக்கு குவிந்து விறைக்கிறது. குறைமாதக் குழந்தைகளின் வலியை அளக்கும் மருத்துவ அளவுகோல்களில் இந்த அசைவுகள் இடம் பெற்றன. 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் சுண்டெலிகளுக்கும் இப்படி ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதன் பிறகு எலி, முயல், குதிரை என்று பட்டியல் நீண்டது.

டென்னிஸ் ஆட்டக்காரரின் முகத்தில் இருந்தவையும் ஏறக்குறைய இதே இறுகிய கண்களும் ஆழக் கோடுகளும்தான். ஆனால் குழந்தையின் வலியை அளக்கும் செவிலியர் ஏமாறாததற்குக் காரணம் அதன் முகம் தெளிவாக இருப்பதல்ல. குதிகாலில் ஊசி இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். ஊசிக்கு முன்பு அந்த முகம் எப்படி இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். எந்த அசைவை எப்போது, எத்தனை நொடிக்குள் பார்க்க வேண்டும் என்பதும் அந்த அளவுகோலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.